சோயா செடிக்கு என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை (கடலூர், புதுச்சேரி வீட்டுத் தோட்டங்களுக்கு)

உளுந்தும் மல்லாட்டையும் (நிலக்கடலை) நம் பக்கத்து மண்ணுக்குப் பழகியவை. சோயா மொச்சை அப்படியில்லை. அதனால் செடி கொஞ்சம் வாடினாலே பதற்றம் வந்துவிடுகிறது. நேராகக் கடைக்குப் போய் "இலையெல்லாம் மஞ்சளா இருக்கு, ஏதாவது மருந்து குடுங்க" என்று கேட்கிறோம். சோயாவில் மஞ்சளுக்கு மட்டுமே ஐந்தாறு காரணங்கள் உண்டு. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது, சில சமயம் கெடுதலும் செய்யும்.

ஆகவே பாட்டில் வாங்கும் முன் மூன்று வேலை. கோளாறு உள்ள செடி ஒன்றை மண்ணோடு தோண்டி எடுத்து வேரைப் பாருங்கள். தண்டை பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ஒரு செடி போனாலும் பரவாயில்லை, மீதிச் செடிகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க, சரியான நடவு எப்படி இருக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 100 சதுர அடிக்கு 75 முதல் 80 கிராம் விதை. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. அடியுரமாக மக்கிய தொழுவுரம் 12 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 450 கிராம், பொட்டாஷ் 60 கிராம், ஜிப்சம் 200 கிராம். இயற்கை முறையில் செய்பவர்கள் தொழுவுரத்தை இரட்டிப்பாக்கி, ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு சேர்க்கலாம். மாடியில் என்றால் 12 அங்குலப் பையில் 3 செடி, அதற்கு மேல் வேண்டாம். இப்படிச் செய்து 100 சதுர அடியில் ஒன்றரை கிலோ காய்ந்த பருப்பு கிடைத்தால் நல்ல விளைச்சல். அதைவிடப் பெரிய கணக்கு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விதைத்து ஒரு வாரம் ஆகியும் முளைக்கவில்லை

முதல் சந்தேகம் விதையின் வயது மேல்தான். சோயா விதையின் தோல் மிக மெல்லியது, உள்ளே எண்ணெய் அதிகம். சூடும் ஈரமும் சேர்ந்த கடலோரக் காற்றில் சில மாதங்களிலேயே முளைக்கும் சக்தி இறங்கிவிடும். மளிகைக் கடையில் சமையலுக்கு வாங்கும் சோயா எப்போது அறுத்தது, எப்படிக் காய வைத்தது என்று யாருக்கும் தெரியாது. அதில் கொஞ்சம் முளைத்தாலே அதிர்ஷ்டம்.

விதைக்கும் முன் 20 விதையை எடுத்து ஈரச் சாக்குத் துணியில் சுருட்டி நிழலில் வையுங்கள். துணி ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஐந்தாம் நாள் எண்ணிப் பாருங்கள். 14 அல்லது அதற்கு மேல் முளைத்திருந்தால் தாராளமாக விதைக்கலாம். 10 முதல் 13 என்றால் குழிக்கு இரண்டு விதை போடுங்கள். அதற்கும் கீழே என்றால் அந்த விதை சுண்டலுக்குத்தான்.

விதை நல்லதாக இருந்தும் முளைக்கவில்லையா? இரவு முழுவதும் ஊற வைத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். மொச்சை, அவரைக்குச் செய்கிற பழக்கம் இது. சோயாவுக்கு ஆகாது. காய்ந்த விதை வேகமாகத் தண்ணீரைக் குடிக்கும்போது உள்ளே பருப்பு விரிசல் விடும், அதன் சத்து வெளியே கசியும், அந்த இடத்தில் பூஞ்சணம் ஏறும். ஈரமான மண்ணில் காய்ந்த விதையாகவே போடுங்கள். ஆழம் 2 முதல் 3 செ.மீ., விரலில் ஒரு கணுவுக்கும் குறைவு.

பாகூர் பக்கத்துக் களிமண்ணிலும் ஆற்றோர வண்டல் மண்ணிலும் இன்னொரு தொல்லை உண்டு. விதைத்த மறுநாள் மழை அடித்து, அதன் பிறகு வெயில் காய்ந்தால் மேல்மண் ஓடு கட்டிவிடும். சோயா தன் இரண்டு பருப்பையும் தூக்கிக்கொண்டு வெளியே வரும் செடி. ஓட்டை முட்டி முட்டிக் கழுத்து ஒடிந்துவிடும். மண்ணைக் கிளறினால் வளைந்து ஒடிந்த வெள்ளைத் தண்டுகள் கிடைக்கும். மூன்றாம், நான்காம் நாளில் பூவாளியால் லேசாகத் தண்ணீர் தெளித்து ஓட்டை இளக்குங்கள். விதைத்த வரிசை மேல் மண்ணுக்குப் பதில் சலித்த மக்கு உரத்தால் மூடினால் இந்தப் பிரச்சினையே வராது.

முளைத்த செடி மொட்டையாக நிற்கிறது

பருப்பு இரண்டும் கிள்ளப்பட்டு வெறும் குச்சி மட்டும் நின்றால் அது புறா, மைனா அல்லது அணில். முதல் பத்து நாளைக்கு வரிசை மேல் வலை போடுங்கள். தண்டு தரையோடு வெட்டுப்பட்டுப் பக்கத்திலேயே கிடந்தால் வெட்டுப்புழு. வெட்டிய செடியைச் சுற்றி ஒரு விரல் ஆழம் கிளறினால் புழு சுருண்டு கிடக்கும், எடுத்துக் கொன்றுவிடலாம்.

இலை மஞ்சளாகிறது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். எந்த இலை, எந்த இடம், எப்படிப்பட்ட மஞ்சள் என்று மூன்றும் முக்கியம்.

அடி இலைகள் சீராக வெளிறி, செடி முழுவதும் இளம்பச்சையாக வளர்ச்சி குன்றியிருந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறை. சோயா தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து வேர் முடிச்சுகள் வழியாக எடுத்துக்கொள்ள வேண்டிய பயிர். அது நடக்கவில்லை என்று அர்த்தம். 25 முதல் 30 நாள் வயதுள்ள செடியைத் தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். வேரைத் தண்ணீரில் அலசி, முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலையை முடித்துக்கொண்டது.

முடிச்சே இல்லையென்றால் காரணம் எளிது. வேரில் முடிச்சை உண்டாக்குவது ரைசோபியம் என்ற பாக்டீரியா; சோயாவோடு கூட்டுச் சேர்வது அதில் தனி இனம். காலகாலமாக உளுந்தும் மல்லாட்டையும் போட்ட மண்ணில் அந்தப் பயிர்களுக்கான பாக்டீரியா நிறைய இருக்கும், சோயாவுக்கானது இருக்காது. உயிர் உரம் வாங்கும்போது பாக்கெட்டில் சோயாவுக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆறிய கஞ்சியில் விதையைப் பிசிறி, 80 கிராம் விதைக்கு இரண்டு தேக்கரண்டி ரைசோபியம் கலந்து, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுங்கள். வெயிலில் காய வைத்தால் பாக்டீரியா செத்துவிடும். பூஞ்சாணக் கொல்லி மருந்தோடு ஒன்றாகக் கலக்கவும் கூடாது. ஏற்கெனவே வளர்ந்துவிட்ட செடிக்கு 100 சதுர அடிக்கு 40 கிராம் யூரியாவை ஈரமண்ணில் வரிசையோரம் போட்டுத் தண்ணீர் விட்டால் அந்தப் பருவத்தை ஒப்பேற்றலாம். அதற்கு மேல் போட்டால் செடி முடிச்சு வைக்கவே மறுத்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடலூரின் மணல்சாரி மண்ணில் நூற்புழு (கண்ணுக்குத் தெரியாத நுண்புழு) தாக்குதலும் வேரில் உருண்டை உருண்டையாகத் தெரியும். இரண்டையும் பிரித்தறிய விரலே போதும். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்தால் உதிரும். நூற்புழு வீக்கம் வேரே பருத்தது. தேய்த்தாலும் வராது, இழுத்தால் வேர்தான் அறும். அது நூற்புழு என்றால் அந்தப் பாத்தியில் அடுத்த தடவை சோயாவோ கத்திரியோ தக்காளியோ வேண்டாம். துலுக்கச் சாமந்தி போட்டு எடுங்கள், கூடவே வேப்பம் பிண்ணாக்கு சேருங்கள்.

நுனி இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறை. மண்ணில் சுண்ணாம்பு அதிகமாக இருந்தாலும், தண்ணீர் தேங்கினாலும் வரும். கட்டட இடிபாடு கலந்த வீட்டு மனை மண்ணில் இதை அடிக்கடி பார்க்கலாம். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு மாலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை.

இலை ஓரம் மட்டும் கருகி, மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் கரிக்கிற வீடுகளுக்கு இது பழக்கமான தொல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கிப் பெருகும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை நன்றாக, அடி வரை இறங்கும்படி விடுங்கள். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் முளைக்கும் சமயத்துக்கும் பூக்கும் சமயத்துக்கும் ஒதுக்குங்கள். மாடித் தோட்டத்தில் உப்பு தென்னை நார்க் கழிவிலிருந்தும் வரும். கட்டியை ஊற வைத்து, மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே மண்ணோடு கலக்க வேண்டும்.

பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தால் மஞ்சள் தேமல் நோய். இது வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவருவது. வந்த செடிக்கு மருந்தே கிடையாது. ஓரிரண்டு செடியில் தெரிந்தவுடன் பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மனசு கேட்காமல் விட்டு வைத்தால் பாத்தியே போய்விடும். மஞ்சள் ஒட்டுப்பொறி 100 சதுர அடிக்கு இரண்டு, செடியின் உயரத்துக்குச் சற்று மேலே கட்டுங்கள். வேப்பெண்ணெய் 5 மி.லி., காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், தண்ணீர் ஒரு லிட்டர் என்று கலந்து வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் அடியுங்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் தரிசில் உளுந்து போடும் வயல்களுக்கு அருகில் வீடு இருந்தால் மாசிப் பட்டத்தில் கூடுதல் கவனம் வேண்டும். உளுந்து முற்றும்போது வெள்ளை ஈ அங்கிருந்து உங்கள் பச்சைச் செடிக்குத் தாவும்.

75 நாளுக்கு மேல் ஆகி, காய் நிறைந்து, எல்லா இலையும் சேர்ந்து மஞ்சளானால் அது நோயில்லை. செடி முற்றுகிறது. இந்தக் கட்டத்தில் உரம் போட்டுச் செலவைக் கூட்ட வேண்டாம்.

பச்சையாக இருந்த செடி திடீரென்று வாடுகிறது

மூன்று வாரத்துச் செடியில் நுனி தொங்கினால் தண்டைப் பிளந்து பாருங்கள். நடுவில் செம்பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து ஓடும் தடமும், அதில் சின்ன வெள்ளைப் புழுவோ பழுப்புக் கூட்டுப்புழுவோ இருந்தால் தண்டு ஈ. புழு தண்டுக்குள் இருப்பதால் மேலே தெளிப்பது எட்டாது. தாக்கிய செடியைப் பிடுங்கி அழித்துவிட்டு, மீதிச் செடிகளுக்கு 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் (இடித்த பருப்பு 50 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து வடிகட்டியது) வாரம் ஒருமுறை இரண்டு தடவை அடியுங்கள், ஈ முட்டை வைப்பது குறையும்.

தண்டு பிளந்தும் உள்ளே சுத்தமாக இருந்தால் கழுத்தைப் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடத்தில் வெள்ளைப் பஞ்சு இழையும் கடுகளவு பழுப்பு உருண்டைகளும் இருந்தால் கழுத்தழுகல். அது ஈரத்தில் வருவது. பட்டை உரிந்து, உள்ளே கரித்தூள் தூவியது போன்ற புள்ளிகள் இருந்தால் வேரழுகல், அது வெயிலும் வறட்சியும் சேரும்போது வருவது. இரண்டிலும் அந்தச் செடி பிழைக்காது. சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துவிட்டு, ஒரு கிலோ தொழுவுரத்துக்கு 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சணம்) கலந்து மீதி வரிசைகளின் வேர்ப்பகுதியில் இடுங்கள்.

வேர் கறுத்து, புளித்த வாடை அடித்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. காற்று இல்லாத மண்ணில் முடிச்சுகளும் சாகும். களிமண் தோட்டத்தில் 15 முதல் 20 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி இல்லாமல் சோயா வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. பண்ருட்டி, ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணில் இந்தக் கவலை குறைவு.

இலை சல்லடையாகிறது

பச்சையம் மட்டும் சுரண்டப்பட்டு இலை வலைபோல் வெளுத்திருந்தால், அதே இலையின் அடியில் புகையிலை வெட்டுப்புழுவின் குஞ்சுகள் கூட்டமாக இருக்கும். இந்த நிலையில் பிடித்தால் வேலை ஒரே நிமிடம்: இலையைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஒரு வாரம் விட்டால் புழு பிரிந்து, பகலில் மண்ணில் ஒளிந்து இரவில் தின்னும். பிறகு டார்ச் வைத்துத்தான் தேட வேண்டும். பாத்தி ஓரத்தில் நாலு ஆமணக்கு வைத்தால் தாய்ப்பூச்சி முதலில் அதில்தான் முட்டையிடும். பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியலை அங்கேயே நசுக்கிவிடலாம். பூப்பதற்கு முன் இலையில் சில ஓட்டை விழுந்தால் கவலைப்படாதீர்கள், சோயா தாங்கும். காய் பிடித்த பிறகு விழுந்தால்தான் விளைச்சல் குறையும்.

ஒரு சாண் செடியிலேயே பூத்துவிடுகிறது, அல்லது இடுப்பளவு வளர்ந்தும் பூக்கவில்லை

இரண்டுக்கும் வெளிச்சக் கணக்குதான் பெரும்பாலும் காரணம். சோயா இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. குளிர்நாடுகளுக்கான ரகங்கள் நீண்ட கோடைப் பகலில் வளரப் பழகியவை. நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்துக்குள். அந்த விதை இங்கே முளைத்தவுடன் பூக்கும் பருவம் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, குட்டைச் செடியில் ஐந்தாறு காயோடு கதையை முடித்துவிடும். ஆன்லைனில் எடமாமே (பச்சைக்காயாகத் தின்னும் சோயா) என்ற பெயரில் வரும் வெளிநாட்டு விதைப் பாக்கெட்டில் இது அடிக்கடி நடக்கிறது. உரம் போட்டு மாற்ற முடியாது, ரகத்தைத்தான் மாற்ற வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ வரிசை ரகங்கள் நம் பகல் நீளத்துக்கு ஏற்றவை. விதை எங்கே கிடைக்கும் என்று புதுச்சேரிக்காரர்கள் குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலும், கடலூர்க்காரர்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலும் விசாரிக்கலாம்.

பூக்காத செடி என்றால் இரவில் போய்ப் பாருங்கள். தெருவிளக்கோ மாடி விளக்கோ நேராக விழுகிறதா? விளக்கின் கீழ் உள்ள செடி மட்டும் பச்சையாக நின்று, நிழலில் உள்ளது பூத்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. பையை நகர்த்துங்கள், அல்லது அந்தப் பக்கம் மறைப்புக் கட்டுங்கள். வெளிச்சமும் காரணமில்லை என்றால் தழைச்சத்து கூடிவிட்டது. சாணக் கரைசல், யூரியா எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

பூ கொட்டுகிறது, காய் பொக்காகிறது

சோயா பூவில் பாதிக்கு மேல் தானாகவே உதிரும். அது செடியின் இயல்பு. பூ தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் தேனீ வரவில்லையே என்றும் கலங்க வேண்டாம். எல்லாப் பூவும் போய்க் கணு வெறிச்சென்று இருந்தால்தான் கோளாறு. பூக்கும் சமயத்திலும் காய் நிரம்பும் சமயத்திலும் தண்ணீர் தவறக் கூடாது. மாசிப் பட்டத்தை மாசி முதல் பாதியிலேயே போட்டுவிட்டால் கத்திரி வெயிலுக்குள் காய் பெரும்பாலும் நிரம்பிவிடும். பங்குனிக்குத் தள்ளினால் பூவும் பிஞ்சும் வெயிலில் மாட்டும். டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட் உரம்) 20 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை தெளித்தால் காய்ப் பிடிப்பு நன்றாக இருக்கும்.

காய் இருந்தும் உள்ளே பருப்பு சூம்பி, கரும்புள்ளியோடு இருந்தால் நாவாய்ப்பூச்சி சாறு உறிஞ்சியிருக்கிறது. விடியற்காலையில் அது மந்தமாக இருக்கும். சோப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே பிடித்துச் செடியை உலுக்கினால் விழுந்துவிடும். காயில் வட்டமாக ஓட்டை இருந்தால் பச்சைக் காய்ப்புழு, கையால் பொறுக்குவதே சிறந்தது.

அறுவடையில் வரும் தவறுகள்

பச்சைக்காயாகப் பறிக்க, பருப்பு காயை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தோல் இன்னும் பளிச்சென்ற பச்சையாகவும் இருக்க வேண்டும். 85 முதல் 95 நாள் ரகத்தில் இது ஏறக்குறைய 65 முதல் 75 நாளில் வரும், ஒரு வாரம்தான் நிற்கும். காய் மஞ்சள் தட்டிவிட்டால் இனிப்பு போய் மாவுச் சுவை வந்துவிடும். அதன் பிறகு முற்ற விடுவதே நல்லது. காலையில் பறித்து அன்றைக்கே உப்புத் தண்ணீரில் 5 முதல் 7 நிமிடம் வேக வையுங்கள். பச்சையாகத் தின்னக் கூடாது, செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது, வெந்தால்தான் போகும்.

காய்ந்த பருப்புக்கு, இலை கொட்டி, காய் பழுப்பாகி, ஆட்டினால் கலகலக்கும்போது அறுக்க வேண்டும். வெயிலில் நாள் தள்ளினால் காய் வெடித்துத் தரையில் சிதறும். மழையில் தள்ளினால் காய்க்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும், சிலது முளைத்தும்விடும். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை யாரையும் பார்த்துப் பெய்வதில்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகேதான் கரையேறியது. அதனால் விதைப்பு நாளை அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆனி மாதத்தில், மிஞ்சிப்போனால் ஆடி முதல் வாரத்துக்குள் போட்டால் ஐப்பசி மழைக்கு முன் பருப்பு வீட்டுக்குள் வந்துவிடும். ஆடிப்பெருக்கு வரை காத்திருந்தால் பச்சைக்காய்க்கு மட்டும் கணக்குப் போடுங்கள். புரட்டாசி விதைப்பு மற்ற மாவட்டங்களுக்குச் சரியாக இருக்கலாம், நம் கடற்கரைக்கு வேண்டாம்.

முற்றும் நேரத்தில் மழை அறிவிப்பு வந்தால், பத்தில் ஒன்பது காய் பழுப்பாகியிருந்தாலே தரையோடு அறுத்து, கூரைக்குக் கீழே தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். வேரைப் பிடுங்க வேண்டாம், முடிச்சோடு மண்ணிலேயே மக்கட்டும். மூன்று நான்கு நாள் காய்ந்ததும் சாக்கில் போட்டுக் கோலால் மெதுவாகத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் தோல் கீறும். சமையலுக்குப் பாதகமில்லை, விதைக்கு ஆகாது. விதைக்கு வேண்டியதைக் கையால் உரித்துக்கொள்ளுங்கள்.

கடித்தால் பல் பதியாமல் டக்கென்று உடைந்தால் போதுமான அளவு காய்ந்திருக்கிறது. அடுத்த பட்டத்துக்கான விதையை இறுக மூடும் பாட்டிலில் போட்டு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். எடுக்கும் நாளில் பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த விதை மேல் காற்றின் ஈரம் படிந்துவிடும்.